இடது பக்கத்து பிரேக்

இன்னும் இழுங்க. பயப்படாதீங்க, கதவு கழண்டு விழாது. மத்த கார்ல பாதி தூரம் வந்து நின்னுக்கும். உள்ள ஒரு பட்டை இருக்கும், அது புடிச்சுக்கும். நான் அதக் கழட்டிப்போட்டு நீளமா ஒண்ணு அடிச்சு மாட்டியிருக்கறேன். வீல்சேரக் கொண்டாந்து ஒட்டி நிறுத்தணும்னா அத்தன எடம் வேணுமுங்க. உங்க வீட்டுக்காரங்களுக்கும் வீல்சேர்தானுங்களே? போன்ல அப்படித்தான் சொன்னீங்க. பொள்ளாச்சியில இருந்து இத்தன தூரம் வந்திருக்கறீங்க, அவசரப்படாம பாருங்க. வெலையெல்லாம் அப்பறம் பேசிக்கலாம். இதுல என்னென்ன பண்ணியிருக்குதுன்னு மொதல்ல தெரிஞ்சுக்கங்க. ஒண்ணொண்ணும் என் கையால பண்ணுனது. எந்த ஒர்க்‌ஷாப்லயும் குடுக்கல.

சீட்டுக்கு அடியில கைய விடுங்க. வளையமாட்டம் ஒண்ணு தட்டுப்படுதுங்களா? அத மேல இழுத்துட்டு சீட்டத் திருப்புங்க. பாத்தீங்களா, வெளிய பாத்துத் திரும்பிக்கிச்சு. ஒரு விரல்ல திரும்பும். அந்த பேரிங் மில்லுல கழிச்சுப்போட்ட மிசின்ல இருந்து எடுத்தது. நான் ஸ்பின்னிங் மில்லுல இருபத்தேழு வருசம் ஃபிட்டருங்க. சென்னியப்பன்னு சொன்னா இந்தத் துடியலூர்ல பாதி மில்லுக்காரங்களுக்குத் தெரியும். மிசின் ஓடற சத்தத்தக் கேட்டே எந்தப் பல்லு தேஞ்சிருக்குதுன்னு சொல்லிப்போடுவேன்.

எம்பட சம்சாரம் வசந்தாமணி. கணக்கு டீச்சர். காரமடையத் தாண்டி ஒரு கவர்மெண்டு ஸ்கூல்ல வேலை. முந்தியெல்லாம் ஸ்கூட்டியிலதான் போவா, வருவா. மழைன்னாலும் பஸ்சுல ஏற மாட்டா. எங்களுக்குக் கொழந்தைங்க இல்ல. ரெண்டே பேருதான்.

அடிபட்டது ஆறு வருசத்துக்கு முந்தி. அன்னூர்ல ஒரு சீருக்குப் போயிட்டு பைக்ல திரும்பி வந்துட்டிருந்தோம். நான்தான் ஓட்டுனேன். ஒரு நாய் குறுக்க வந்துச்சு. மெதுவாப் போங்கன்னு அவ அதுக்கு முந்தியே ரெண்டு தடவ சொல்லியிருந்தா. எனக்கு முழங்கையில சிராய்ப்பு. அவளுக்கு முதுகெலும்பு. இடுப்புக்குக் கீழ இனி ஒண்ணும் வராதுன்னுட்டாங்க. அத விடுங்க. வண்டியப் பத்திப் பேசுவோம்.

அவ ஸ்கூலுக்கு மறுபடி போகணும்னு நின்னா. சரி, போகட்டும்னு நான் மில்லுல எழுதிக் குடுத்துட்டு வெளிய வந்துட்டேன். காலையில கொண்டுபோய் உடணும், மத்தியானம் ஒருக்கா பாத்ரூமுக்குப் பாக்கணும், சாயங்காலம் கூட்டிட்டு வரணும். வேலைக்குப் போயிட்டு இதையெல்லாம் பண்ண முடியுங்களா? அவ வேண்டாம்னுதான் சொன்னா. ஸ்கூல்ல ஆயாம்மா இருக்காங்க, நான் பாத்துக்கறேன், நீங்க வேலைய உடாதீங்கன்னா. எல்லாரும் அப்படித்தான சொல்லுவாங்க, நமக்குக் கஷ்டம் குடுக்கக் கூடாதுன்னு. நான் கேக்கல.

அப்பத்தான் இந்த வண்டிய வாங்குனோம். சின்ன வண்டி. எங்க சந்துக்குள்ள பெரிய வண்டி திரும்பாது. கியர் மாத்த வேண்டாத வண்டிதான் வேணும்னு அவ கண்டிசனா சொல்லிப்போட்டா. கியர் மாத்தற குலுக்கல் முதுகுக்கு நோவும்போலன்னு நெனச்சுக்கிட்டேன். வேற எதுக்குங்க இருக்கப் போகுது?

வாங்குன ஒரு மாசத்துல இந்த சீட்டு. அடுத்தது இந்தப் பலகை. வீல்சேருக்கும் சீட்டுக்கும் நடுவுல போட்டு வழுக்கி ஏறிக்கறதுக்கு. மூணு தடவ தேச்சு பாலீஷ் போட்டது, கையத் தடவிப் பாருங்க, சிலாம்பு இருக்குதான்னு. மேல அந்தக் கைப்பிடி, ஓடற பஸ்சுல தொங்கற ஆளையே தாங்கும். பின்சீட்டுல பாதிய எடுத்துட்டு வீல்சேர் மடிச்சு வெக்கறதுக்குத் தாங்கி. காத்து மெத்தை ஒண்ணு, சைக்கிள் டியூப்ப வெட்டி ஒட்டுனது. ஒரே எடத்துல உக்காந்திருந்தா புண்ணு வந்துருமுங்க, அவங்களுக்கு வலிக்காது, தெரியாது, நாமதான் பாக்கணும். காலு வழுக்காம இருக்க ஒரு பலகை, பட்டை போட்டு. வெயிலுக்கு ஒரு குட்டி ஃபேன். அவ ஒண்ணும் கேக்கல. கேக்கறதுக்கு முந்தியே பண்ணிப்போடுவேன். ஸ்கூல்ல மத்த டீச்சருங்க எல்லாம் வந்து வந்து பாப்பாங்க. வசந்தா, நீ குடுத்து வெச்சவன்னு சொல்லுவாங்க. அவ சிரிப்பா.

அவ கேட்டது ஒண்ணே ஒண்ணு. கையில ஓட்டறாப்பல மாத்திக் குடுங்கன்னு.

அப்படி ஒண்ணு இருக்குதுன்னு உங்களுக்கே தெரியும், அதுக்காகத்தான வந்திருக்கறீங்க. ஸ்டியரிங்குக்குக் கீழ ஒரு லிவர். முன்னால தள்ளுனா பிரேக். கீழ இழுத்தா ஆக்சிலேட்டர். காலே வேண்டாம். அவ போன்ல ஒரு வீடியோ காட்டுனா. எந்த ஊரோ, ஒரு பொண்ணு வீல்சேர்ல வந்து தானா ஏறி ஓட்டிட்டுப் போகுது. அவ அத எத்தன தடவ பாத்திருப்பாளோ, அந்தப் பொண்ணோட பேரெல்லாம் சொன்னா. பண்ணலாம் அம்மிணின்னேன். பண்ணலாம்னுதான் சொன்னேனே தவிர மாட்டேன்னு ஒரு நாளும் சொன்னதில்ல. மொதல்ல ஃபேன முடிச்சுக்கறேன்னேன். அப்பறம் காத்து மெத்தை. அப்பறம் மழை வந்துருச்சு. ஒரு வருசம் போயிருச்சு. இன்னொரு அரை வருசமும் போயிருச்சு.

அவ தம்பி தெய்வசிகாமணி உடுமலையில இருக்கறான். பொங்கலுக்கு வந்தவன், மாமா, நீங்க செரமப்படாதீங்க, இதுக்குன்னே ஒர்க்‌ஷாப் இருக்குது, நான் கொண்டுபோய் மாட்டிக் கொண்டாறேன்னான். எனக்கு சுருக்குனு ஆயிப்போச்சு. இந்த வண்டியில வேற எவன் கையோ படறதா? மறுவாரமே உக்காந்து நானே பண்ணி முடிச்சேன். இதா, இதுதான். புடிச்சுப் பாருங்க. எங்கயாவது ஆடுதுங்களா? ஆர்.டி.ஓ. ஆபீஸ்ல கொண்டுபோய்க் காட்டி, ஆர்.சி. புக்குல ஏத்தியாச்சு. இன்ஸ்பெக்டர் லிவரத் தள்ளிப் பாத்துட்டு, யாரு பண்ணுனதுன்னு கேட்டாரு. இவருதான் சார்னு அவ என்னையக் காட்டுனா. அன்னிக்கு அவ மொகத்த நீங்க பாத்திருக்கணும்.

அவளுக்கு லைசென்சும் வந்துருச்சு. டெஸ்ட்டுல ஒரு தப்பில்ல. அந்த மைதானத்துல கூட யாரையும் உக்கார உடல, நான் வேலிக்கு இக்கட்டால நின்னு பாத்துட்டிருந்தேன். அவ எட்டுப் போட்டா. எனக்கு வேர்த்துக் கொட்டுது. பக்கத்துல நின்ன ஒரு ஆளு, ஏனுங்க, உங்களுக்கு சுகருங்களான்னு கேக்கறான்.

அப்பறந்தான் நான் இன்னொரு வேலை பண்ணுனேன்.

டிரைவிங் ஸ்கூல் வண்டியில பாத்திருப்பீங்க. சொல்லிக் குடுக்கறவரு இடது பக்கம் உக்காந்திருப்பாரு, அவரு காலுகிட்டயும் ஒரு பிரேக் இருக்கும். அது தப்பான காரியமாங்க? எல்லாரும் வெக்கறதுதான. அதாட்டவே ஒண்ணு செஞ்சேன். சின்னப் பெடலு, ஒரு கேபிள் போட்டு இந்தப் பெரிய பிரேக்கோட சேத்துட்டேன். மேல ரப்பர் மேட்டப் போட்டு மூடுனா ஒண்ணும் தெரியாது. ஆர்.டி.ஓ. ஆபீஸ் வேலையெல்லாம் முடிஞ்ச பொறகு மாட்டுனேன். அங்க காட்டுனா ஆயிரம் கேள்வி கேப்பாங்க.

இதுல ஒரு சிக்கல் இருந்துச்சு. நான் இக்கட்டால அமுக்குனா அக்கட்டால அவ கையில இருக்கற லிவரும் சேந்து அசையும். அசைஞ்சா அவளுக்குத் தெரிஞ்சு போயிரும். ரெண்டு நாளு ரோசனை பண்ணுனேன். அப்பறம் லிவர்ல இருந்து வர்ற ராடு முனையில, உருண்டை ஓட்டைக்குப் பதிலா நீளமா ஒரு ஓட்டை போட்டேன். அவ தள்ளுனா பிரேக் புடிக்கும். நான் அமுக்குனா பிரேக் மட்டும் புடிக்கும், லிவர் அசையாது. நல்ல வேலைங்க. நானே பண்ணுனதுன்னு சொல்லக் கூடாது, ஆனா நல்ல வேலை.

அவகிட்ட மறைக்கலீங்க. சொல்லல, அவ்வளவுதான். சொன்னா அவளுக்கு தைரியம் போயிரும்னுதான் சொல்லல.

மொத நாளு மேட்டுப்பாளையம் ரோட்டுல போனோம். ஞாயித்துக்கிழமை காலையில. நான் இடது பக்கம். பெரியநாயக்கன்பாளையம் தாண்டுற வரைக்கும் நல்லாத்தான் போனா. முன்னால ஒரு டெம்போ. அவ லிவர்ல கை வெச்சிருந்தா, தள்ளியிருப்பா, எனக்குத் தெரியும், தள்ளியிருப்பா. ஆனா எம்பட காலு அதுக்கு முந்திருச்சு. வண்டி பொக்குனு நின்னுருச்சு. பின்னால பஸ்சுக்காரன் ஹாரன் அடிக்கறான். அவ என்னையப் பாத்தா. நான் தள்ளவே இல்லைங்கன்னா. பயத்துல தள்ளியிருப்ப அம்மிணி, உனக்கே தெரிஞ்சிருக்காதுன்னேன். அவ லிவரப் பாத்தா, கையப் பாத்தா. சரின்னு மறுபடி எடுத்தா.

வேணும்னு பண்ணலீங்க. அத மட்டும் நீங்க நம்பணும். ஒவ்வொரு நாளும் ஏறும்போது இன்னிக்கு அமுக்கக் கூடாதுன்னுதான் ஏறுவேன். ஒரு ஆட்டோ ஒட்டி வரும், ஒரு ஆடு ஓரத்துல நிக்கும், காலு போயிரும். அந்த அன்னூர் ரோட்டுல எம்பட காலு லேட்டாப் போச்சு. இங்க லேட்டாகக் கூடாதுல்ல.

அவ ஒவ்வொரு நாளும் நோட்டுல எழுதி வெச்சா. கணக்கு டீச்சரில்லீங்களா. எங்க நின்னுச்சு, எத்தன ஸ்பீடுல நின்னுச்சு, அப்ப கை எங்க இருந்துச்சு. லிவரக் கழட்டிப் பாருங்கன்னா. பாத்தேன், நல்லாத்தான் இருக்குதுன்னேன். நல்லாத்தான் இருந்துச்சு, அதுல பொய்யில்ல. அப்ப தப்பு என்கிட்டதான் இருக்குதுன்னா. நான் போல்ட்ட முறுக்கிட்டு எந்திரிச்சுட்டேன்.

ஒரு மாசம் கழிச்சுப் பாத்தா, ராத்திரி சாப்புடும்போது டம்ளரத் தூக்கித் தூக்கி வெச்சுப் பாக்கறா. பேனாவ விரல்ல சுத்திப் பாக்கறா. என்ன அம்மிணின்னேன். கீழ இருந்து மேல ஏறுதோன்னு பயமா இருக்குதுங்கன்னா. காலுக்கு வந்தது கைக்கும் வருதோன்னு. எனக்குத் தெரியாமயே கை தள்ளுதுன்னா அப்பறம் அது எம்பட கையான்னு கேட்டா.

அப்பவாவது சொல்லியிருக்கலாம்னு நீங்க நெனப்பீங்க. நெனைங்க. எல்லாரும் அதத்தான் சொல்றாங்க. ஆனா அந்த நேரத்துல எப்படிங்க சொல்றது? மொத நாளே சொல்லியிருந்தா ஒரு பேச்சோட போயிருக்கும். ஒரு மாசம் கழிச்சு சொன்னா, ஒரு மாசமும் நான் பொய் சொன்னேன்னு ஆயிரும். அதனால இன்னும் சித்த நாள் போகட்டும்னு உட்டேன்.

ஆஸ்பத்திரிக்குப் போனோம். கையில நரம்பு டெஸ்ட்டு. சின்னச் சின்ன ஊசிய சதைக்குள்ள குத்தி, கரண்டு மாதிரி உட்டு, கம்ப்யூட்டர்ல கோடு கோடா பாப்பாங்க. தோள்ல இருந்து சுண்டுவிரல் வரைக்கும் குத்துனாங்க, ரெண்டு கையிலயும். கையிலதான அவளுக்கு வலி தெரியும். காலுல குத்துனாத் தெரியாது. நான் பக்கத்துல ஸ்டூல்ல உக்காந்துட்டு இருந்தேன். அவ கண்ண மூடிட்டு, ஒரு கையக் குத்தும்போது இன்னொரு கையால என்னையப் புடிச்சிருந்தா.

எல்லாம் நார்மல்னு வந்துச்சு. எனக்கு எத்தன சந்தோசம் தெரியுங்களா? வெளிய வந்து அவளுக்கு ஜூஸ் வாங்கிக் குடுத்தேன். அவ குடிக்கல. கை நல்லாத்தான் இருக்குதுன்னா அப்ப எம்பட மனசுதான் கெட்டுப்போச்சாட்ட இருக்குதுன்னா. வரும்போது நான்தான் ஓட்டிட்டு வந்தேன்.

அதோட அவ ஓட்டறத உட்டுட்டா. நான் உடச் சொல்லல. அவளாத்தான் சாவிய எடுத்துக் குடுத்தா. எனக்கு வராதுங்க, நீங்களே ஓட்டுங்கன்னா. பரவால்ல அம்மிணி, நான் எதுக்கு இருக்கறேன்னேன்.

அதுக்கப்பறம் ஒரு நாலு மாசம். எங்க வாழ்க்கையிலயே அதாட்ட நல்ல நாளு இல்லைன்னு சொல்லுவேன். சண்டையில்ல, சத்தமில்ல. காலையில திரும்பற சீட்டுல உக்கார வெப்பேன், காலத் தூக்கிப் பலகை மேல வெப்பேன், பட்டையப் போட்டு உடுவேன். அவ ஜன்னல் பக்கம் பாத்துட்டே வருவா. முந்தியெல்லாம் ஸ்கூல்ல நடந்தத சொல்லிட்டே வருவா, யாரு என்ன மார்க்கு, எவன் காப்பியடிச்சான்னு. அப்ப ஒண்ணும் சொல்றதில்ல. எனக்கு அந்த அமைதி புடிச்சிருந்துச்சு. அவளுக்கும் புடிச்சிருக்குதுன்னு நெனச்சேன்.

அந்தப் பெடலக் கழட்டியிருக்கணும். கழட்டல. மறுபடி ஓட்டறேன்னு ஒரு நாளைக்குக் கேட்டுட்டான்னா? அதனால அதும் மேலயே மேட்டப் போட்டு, மேட்டு மேல கால்பலகைய வெச்சுட்டேன்.

போன பிப்ரவரியில நடந்துச்சு அது. ஸ்கூல் விட்டு வந்துட்டிருந்தோம். பட்டை சரியா மாட்டல போலிருக்குது, பலகை நகந்து போச்சு. முதுகுல அடிபட்டவங்களுக்கு அந்தச் செத்த காலு சில நேரம் தானா வெட்டி இழுத்து நீட்டிக்கும், உங்க வீட்டுலயும் பாத்திருப்பீங்க. நாம புடிச்சாலும் நிக்காது. அந்தாட்ட அவ வலது காலு வெட்டி நீட்டுச்சு. வண்டி நடு ரோட்டுல நின்னுருச்சு. நான் பிரேக் போடல. நான் ஆக்சிலேட்டர்ல இருக்கறேன்.

அவ எம்பட காலப் பாத்தா. அப்பறம் அவ காலப் பாத்தா. ரொம்ப நேரம் பாத்தா. கீழ விழுந்தத எடுக்கறதுக்கு அவகிட்ட ஒரு குச்சி உண்டு, முனையில கொக்கி வெச்சு நான்தான் செஞ்சு குடுத்தது. அதால மேட்டத் தூக்குனா.

பின்னால வண்டியெல்லாம் நின்னுருச்சு. ஓரமா எடுத்து நிறுத்துனேன்.

"இது எப்பத்துல இருந்து இருக்குது?"ன்னு கேட்டா.

மொதல்ல இருந்தேன்னேன்.

"ஆஸ்பத்திரிக்குப் போனமே, அப்பவும் இருந்துச்சுங்களா?"

ஆமான்னேன்.

திட்டியிருந்தாப் பரவால்ல. அழுதிருந்தாக் கூட என்ன பண்றதுன்னு எனக்குத் தெரியும். ரெண்டு கையையும் மடியில வெச்சு, ஒரு கைய இன்னொரு கையால தடவிக் குடுத்துட்டே வந்தா. கொழந்தையத் தடவிக் குடுக்கறாப்பல. வீடு வர்ற வரைக்கும்.

நான் சொன்னேன். உனக்கு ஒண்ணு ஆயிட்டா நான் என்ன பண்ணுவேன் அம்மிணின்னு சொன்னேன். உனக்காகத்தான் எல்லாமேன்னு சொன்னேன். ஒரு வாரம், பத்து நாளு, தினமும் சொன்னேன். அவ சாப்பாடு போடுவா, கேட்டாப் பதில் சொல்லுவா. ஒரு நாள் மட்டும் சொன்னா. எம்பட காலு போனது ஆக்சிடெண்டுங்க, அதுக்கு நான் உங்களைய ஒரு நாளும் குத்தம் சொன்னதில்ல. இதுக்கு என்ன சொல்லட்டும்னு நீங்களே சொல்லுங்கன்னா. சத்தமாக்கூட சொல்லல. அரிசி களஞ்சுட்டே சொன்னா.

மே மாசம் டிரான்ஸ்பர் கவுன்சிலிங்குல அவளுக்கு முன்னுரிமை உண்டு. இத்தன வருசமா கேக்காதவ கேட்டு வாங்கிட்டா. உடுமலைப்பேட்டைக்குப் பக்கத்துல. தம்பி வீட்டுல கீழ் ரூம். சிகாமணி வந்து கூட்டிட்டுப் போனான். இந்த வண்டியில கொண்டுபோய் உடறேன், உனக்குன்னு பண்ணுன சீட்டு, முதுகு நோவாதுன்னேன். வேண்டாம்னுட்டா. அவன் வண்டியில சாதா சீட்டுல, தலகாணி வெச்சு உக்காந்துட்டுப் போனா.

ஒரு டேர்ம் முடிஞ்சா வந்துருவான்னு நெனச்சேன். அன்னிக்கே அந்தப் பெடலக் கழட்டிப்போட்டேன். கேபிளு, பெடலு எல்லாத்தையும் தரையில பரப்பி வெச்சு, போட்டோ எடுத்து அனுப்புனேன். பாத்துட்டா, ரெண்டு டிக்கும் நீலமாயிருச்சு. பதில் இல்ல. அந்த ராடுல இருந்த நீள ஓட்டையக் கூட அடைச்சு உருண்டையாப் பண்ணிட்டேன். அதையும் போட்டோ எடுத்து அனுப்புனேன்.

காலாண்டு லீவு போச்சு. தீபாவளி போச்சு. அதுக்கப்பறம் பொறுக்க முடியாம நானே போயிட்டேன். பஸ்சுலதான் போனேன். நல்லாத்தான் கவனிச்சா. சாப்பாடு போட்டா, எளைச்சுட்டீங்கன்னா, சுகர் பாத்தீங்களான்னு கேட்டா. ஸ்கூல்ல நடந்ததெல்லாம் சொன்னா. எவன் காப்பியடிச்சான்னு சொல்லி அவளே சிரிச்சா. அந்தச் சிரிப்பப் பாத்து எத்தன நாளாச்சுன்னு இருந்துச்சு. சாயங்காலம் கெளம்பறேன்னேன். இருங்க, பஸ் ஸ்டேண்டு வரைக்கும் நானே உடறேன்னா.

வாசல்ல ஒரு சின்ன வண்டி நின்னுச்சு. இதாட்டதான், வெள்ளை. அவளே வாங்கியிருக்கறா. திரும்பற சீட்டு இல்ல, ஒண்ணுமில்ல. ஒரு பலகையப் போட்டு வழுக்கி ஏறுனா, வீல்சேர அவளே கழட்டி சக்கரத்த ஒண்ணொண்ணா உள்ள எடுத்துப் போட்டுக்கிட்டா. நான் புடிக்கப் போனேன். வேண்டாங்க, நான் எடுத்து வெக்கற முறை மாறிரும்னா. அதுக்கு அவளுக்கு அஞ்சு நிமிசம் ஆச்சு. நான் கைய வெச்சுக்கிட்டு நின்னேன்.

இடது பக்கம் உக்காந்தேன். எடுத்தா. தாராபுரம் ரோடு, நெரிசலு, மாட்டு வண்டி, காய் லாரி, ஸ்கூல் பசங்க சைக்கிளு. எனக்கு ஒண்ணுமே கண்ணுக்குத் தெரியல, எம்பட காலுதான் தெரியுது. அது தரையப் போட்டு அமுக்குது. அங்க பெடலு இல்ல, வெறும் தகரம், எனக்குத் தெரியும். தெரிஞ்சும் அமுக்குது. மடக்கி வெப்பேன், மறுபடி போயிரும்.

அவ ரோட்டப் பாத்துட்டேதான் சொன்னா. "அங்க ஒண்ணும் இல்லீங்க. கால மடக்கி வெச்சுட்டு வெளிய வேடிக்கை பாத்துட்டு வாங்க."

கோவமா சொல்லல. பிரியமாத்தான் சொன்னா. அதத்தான் என்னால தாங்க முடியல.

பஸ் ஸ்டேண்டுல ஓரமா நிறுத்துனா. நான் மன்னிப்புக் கேக்கணும்னுதான் வழியெல்லாம் நெனச்சுட்டு வந்தேன். வார்த்தையெல்லாம் கூட கோத்து வெச்சிருந்தேன். ஆனா எறங்கற நேரத்துல அந்த லிவரு கண்ணுல பட்டுருச்சு. ஒர்க்‌ஷாப் வேலை. வெல்டிங் மேடும் பள்ளமுமா இருந்துச்சு, ஒரு போல்ட்டு லூசா இருக்குமாட்டத் தெரிஞ்சுது. இது சரியில்ல அம்மிணி, ஒரு நாளைக்குக் கொண்டா, நான் நல்லாப் பண்ணித் தாறேன்னு சொல்லிப்போட்டேன். வாயில அதுதான் வந்துச்சு.

அவ, கோயமுத்தூர் பஸ்சு நிக்குதுங்க, பாத்து ஏறுங்கன்னா.

நான் ஏறல. தூணு ஓரமா நின்னேன். அவ வண்டியத் திருப்புனா. அக்கட்டால ஒரு பஸ்சு, இக்கட்டால ஒரு பஸ்சு, நடுவுல பூக்கூடையோட ஒரு அம்மா. பின்னால இருந்து ஒரு மினி பஸ்சு ரிவர்சுல வர்றான், பாக்காம வர்றான். எம்பட காலு தரையப் போட்டு அமுக்குது. கத்திருப்பேன்.

அவ வண்டியில பிரேக் லைட்டு எரிஞ்சுது. செகப்பா, நிதானமா. மினி பஸ்சு போற வரைக்கும் எரிஞ்சுட்டே இருந்துச்சு. அந்த அம்மா கடந்து போற வரைக்கும் எரிஞ்சுது. அப்பறம் அணைஞ்சுது. வண்டி ரோட்டுல ஏறிப் போயிருச்சு. நான் போடலீங்க. அவளேதான் போட்டா.